வெறுங்குழாயின் எடை

எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: ‘முத்து செக் பிறந்த கதை’. புதிய இயந்திரம் வந்ததையொட்டி மலர் போடுகிறார்களாம். முதல் கட்டுரையே இதுதானாம். கூடவே படம் ஒன்றும் வேண்டுமாம், கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் நல்லதாம்.

அந்த முத்து நான்தான். முழுப்பெயர் ஞானமுத்து. சொந்த ஊர் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். வேலை பார்த்ததும் வீடு கட்டியதும் திருவனந்தபுரத்தில். இப்போது கரமனையில் ஆற்றுப் பக்கம் இருக்கிறேன். சர்வீஸ் முழுவதும் ஒரே வேலை. கரி, களிமண், சிலிக்கா என்று யார் எந்தப் பொடியைக் கொண்டுவந்தாலும் அதற்குள் எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று அளந்து சொல்வது. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் என்னைக் ‘கரி அளக்கிற மாப்பிள்ளை’ என்றே கேலி செய்வார்கள்.

முத்து செக் என்பது அந்த ஆய்வகத்தில் நித்தமும் நடக்கிற ஒரு சோதனை. அதன் செய்முறையைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் இதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும், எப்போது அங்கே போனாலும் எனக்கு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடிகிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிரித்த படம் என்னிடம் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதை மறுபடியும் சூளையில் வைத்து நீராவி காட்டினால், கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். துளைக்குள் துளை, அதற்குள் இன்னொரு துளை. அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கரண்டிக் கரி ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு வரும். வாயு வந்து அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். வேதிவினை எதுவும் கிடையாது. குளிர்ந்தால் ஒட்டும், சூடு காட்டினால் விட்டுவிட்டுப் போகும். பாடப் புத்தகத்தில் இதற்கு இயற்பரப்புக் கவர்தல் என்று பெயர். நாங்கள் ‘கேஸ் ஏறுது, கேஸ் இறங்குது’ என்போம்.

பெயிண்ட் அடிக்கிற பட்டறைகளில் ஆட்கள் மூக்கை மூடிப் போட்டுக்கொள்கிற மாஸ்க்கின் டப்பாவுக்குள் இந்தக் கரிதான் இருக்கிறது. பெயிண்ட் நெடி கரியில் ஒட்டிக்கொள்ளும், மிச்சக் காற்று ஆளுக்குப் போகும். கரிக்குள் பரப்பு குறைவென்றால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பிறகு நெடி நேராக நெஞ்சுக்குள் இறங்கும். அதனால்தான் நாங்கள் சொல்கிற எண்ணைப் பிறர் நம்புவதற்கு முன் நாங்கள் பலமுறை பார்க்க வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் இயந்திரம் இல்லை. ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்களைப் பற்றவைத்து நிறுத்தியிருந்தார்கள். காற்றை உறிஞ்சி எடுத்து, வாயுவைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டு, பாதரசம் எங்கே நிற்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கை பதறினால் மாதக்கணக்கான வேலை தரையில் நொறுங்கிக் கிடக்கும். அதில் அடிபட்டுத் தேறினேன். பிறகு கணிப்பொறி வைத்த இயந்திரம் வந்தது, கண்ணாடியைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் போட்டோம். கண்ணாடியில் தேறியவன் என்ற கர்வத்தை மட்டும் நான் கழற்றவில்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய வேலைக்காரனுக்கு அது இருந்துதான் தீரும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் வர்கீஸ் சார். மெலிந்த மனிதர், மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அளவு தொடங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். வாயுவைக் கரிக்குள் விட்டதும் அழுத்தம் இறங்கத் தொடங்கும். இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். நின்றபின்தான் எண்ணை எடுக்கலாம். கையில் கடிகாரம் இருந்தால் மனிதன் நிற்பதற்கு முன்பே நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவான் என்பார். “கரி மதின்னு பறயட்டே, முத்தூ. நம்மள் பறயண்டா.” போதும் என்று கரி சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம். அளவு முடிந்ததும் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, “சாயா குடிக்காம்”, டீ குடிக்கலாம், என்று எழுந்திருப்பார். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான்.

பார்வதி அங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்த பெண். கரமனை அக்ரகாரத்துக்காரி. எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். அவள் அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், பார்வை மங்கிப்போய் வீட்டோடு இருந்தார். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கும்போது மூத்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். மூத்தவன் என்றால் நான். ஆய்வகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என் எல்லைத் தமிழும் அவள் வீட்டுத் தமிழும் சந்திக்கும்போது மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரே ஊரில் இரண்டு தமிழா என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். மோசமான உறவு என்று சொல்ல எதுவும் இல்லை.

என் மனைவியின் தம்பி செல்லப்பன் ஊரில் சிரட்டைக் கரிச் சூளை வைத்திருந்தான். தண்ணீர் வடிகட்டிகளுக்குக் கரி கொடுத்துக்கொண்டிருந்தவன். நல்ல உழைப்பாளி. ஒருநாள் மாஸ்க் செய்கிற ஒரு கம்பெனி கரி தேடுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு சின்ன டப்பாவில் கரியோடு வீட்டுக்கு வந்தான். சும்மா பார்த்துச் சொல்லுங்கள், தேறுமா தேறாதா என்றான். சொந்தக்காரர் கொண்டுவருகிற எதையும் நாம் தொடக்கூடாது என்பது ஆய்வகத்து வழக்கம். சும்மா பார்ப்பதற்கு என்ன வழக்கம் என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

வேலை எப்படி என்றால், அடியில் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று. முதலில் அதைக் கரி இல்லாமல் மூடியோடு எடை போட வேண்டும். பிறகு கரியைப் போட்டு, சூடு காட்டி, உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் ராத்திரி முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். இதை டீகேஸ் பண்ணுவது என்போம். கரி என்றால் ஒரு சிட்டிகைதான் போடுவோம். பரப்பு அதிகமான பொருளுக்கு அதுவே தாராளம். காலையில் ஆறவைத்து, குழாய்க்குள் கொஞ்சம் சுத்தமான வாயுவை நிரப்பி மூடி, மறுபடியும் எடை போட வேண்டும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் கரியின் எடை. அதற்குப் பிறகு குழாயை இயந்திரத்தில் மாட்டி, திரவ நைட்ரஜன் குடுவைக்குள் இறக்கி, எவ்வளவு வாயு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஏறியதைக் கரியின் எடையால் வகுத்தால் எண் வரும்.

நிரப்புவதற்கு எப்போதும் நைட்ரஜன்தான் போடுவோம். அன்று நிரப்புவதற்கென்று வைத்திருந்த நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது, இயந்திரத்தோடு பொருத்தியதை அதற்காகக் கழற்றுவதில்லை. புது சிலிண்டர் வரும்வரை காத்திருக்கலாம், காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் ஹீலியம் சிலிண்டர் நின்றது. நைட்ரஜனைவிடச் சுத்தம், விலையும் கூடுதல். மச்சினன் கரிக்குக் கொஞ்சம் நல்ல கேஸாகத்தான் இருக்கட்டுமே என்று ஹீலியத்தைத் திறந்தேன்.

எண் வந்தது. பெரிய கம்பெனிக் கரியெல்லாம் வெட்கப்படுகிற மாதிரி எண். இப்படி ஒரு கரி நம் ஊர்ச் சூளையில் வருமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தை நான் மதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் போனை எடுத்துச் செல்லப்பனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை, இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னான். வீட்டில் என் மனைவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் அந்த எண்ணை நம்பி மாஸ்க் கம்பெனியின் ஆர்டரை ஏற்றுக்கொண்டு, வடிகட்டிக்காரர்களை நிறுத்தி, சூளை முழுவதையும் இதற்கே திருப்பிவிட்டான்.

கம்பெனி சரக்கை எங்கள் ஆய்வகத்துக்கே அனுப்பியது, முறைப்படி அளந்து தருமாறு. நான் தொடக்கூடாது. வர்கீஸ் சார் பார்வதியிடம் கொடுத்தார். அவள் அளந்தாள். வந்த எண் தேறவில்லை. மாஸ்க்குக்கு ஆகாது, தண்ணீருக்கு ஆகும், சாதாரணக் கரி.

அவள் வரைபடத்தையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒரே மாதிரி வளைந்து ஒரே மாதிரி போயின. அவளுடையது உயரம் மட்டும் குறைவு. துளைகள் அதேதான், கரி அதேதான், அப்படியானால் எடையில்தான் தப்பு. இதுவரை நான் நினைத்தது சரி. ஒரு தப்பான எடை அந்த இரண்டில் ஒன்றில் இருந்தது. அது யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. சிறுசு அவள், கண்ணாடியில் தேறியவன் நான், அதற்கு மேல் என்ன யோசனை வேண்டும்.

வர்கீஸ் சார் அறைக்குப் போய், அந்தப் பெண்ணுக்குக் கை சுத்தம் இல்லை, இந்தத் தடவை புதுப்பிக்காமல் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, எல்லோரும் இருக்கிற நேரத்தில் தராசு முன்னால் நின்றவளைப் பிடித்துக்கொண்டேன். மலையாளத்தில் திட்டியிருந்தால் அலுவலகத்துத் திட்டாகப் போயிருக்கும். தமிழில் திட்டினேன்.

“தராசு முன்னால நிக்கத் தெரியாதவளுக்கு இங்க என்னம்மா வேல? அக்ரகாரத்துல போயி அப்பளம் இடு. ஒன்னால ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போவுது, தெரியுமா?”

அங்கே இருந்த மலையாளிகளுக்கு ஒரு சொல்கூட விடாமல் புரிந்தது. பார்வதியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.

“டீகேஸ் பண்ணினதுக்கு அப்பறமாக்கும் சார் வெயிட் எடுத்தேன். ரெண்டு தடவை எடுத்தேன்.”

இதை எழுதும்போது காது எரிகிறது. அப்போது எரியவில்லை. அவள் பதில் சொன்னதே எனக்குத் திமிராகப் பட்டது. எல்லோர் முன்னாலும் இதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே ஒரு சோதனை சொன்னேன்.

“ஒரு வெறுங்குழாய அவ வைக்கட்டும், ஒண்ண நான் வைக்கேன். கரி போடாண்டாம். சூடும் உறிஞ்சலும் எல்லாம் முறைப்படி நடக்கட்டும். காலையில ரெண்டையும் எடை போடுவோம். கரி இல்லாத குழாய் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யார் கையில குறையுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்.”

வர்கீஸ் சார் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். “ஆயிக்கோட்டே” என்றார். ஆகட்டும் என்று பொருள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். அவரவர் அன்று எப்படிச் செய்தார்களோ அப்படியே இன்றும் செய்ய வேண்டும். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, அந்த அறையிலேயே இருந்த ஓர் இழுப்பறைக்குள் வைத்தார். அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ. கடைசிவரை நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

முத்து செக் பிறந்தது இப்படித்தான். ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் மாட்டவைத்து வேலையை விட்டு அனுப்ப நான் வைத்த பொறி அது.

காலையில் எல்லோரும் தராசைச் சுற்றி நின்றார்கள். பார்வதி அன்று போலவே நைட்ரஜன் நிரப்பியிருந்தாள். குழாயைத் தராசில் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினாள். எண்கள் ஓடி நின்றன. நேற்று மாலை போட்ட அதே எடை, கடைசி இலக்கம் மட்டும் லேசாக ஆடியிருந்தது. அவள் குழாயை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

நான் அன்று போலவே ஹீலியம் நிரப்பியிருந்தேன். வைத்தேன். குறைந்தது. கதவைத் திறந்து குழாயை எடுத்துத் துணியால் துடைத்தேன், மறுபடி வைத்தேன். குறைந்தது. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் வைத்தேன். அதே எண். கரியே போடாத கண்ணாடிக் குழாய், ராத்திரியில் எடை குறைந்து என் கையில் இருந்தது.

எனக்குப் புரிய நேரம் ஆகவில்லை. அங்கே இருந்த யாருக்கும் ஆகவில்லை. வெறுங்குழாய் என்று நாங்கள் சொல்வது வெறுங்குழாயே அல்ல. உள்ளே காற்று இருக்கிறது, காற்றுக்கு எடை இருக்கிறது. நைட்ரஜன் கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், அதனால் அதை நிரப்பினால் பெரிதாகத் தெரியாது. ஹீலியம் பலூனைத் தூக்கிக்கொண்டு போகிற வாயு. காற்று இருந்த இடத்தில் ஹீலியத்தை நிரப்பினால் குழாய் இலேசாகிவிடும். அந்தக் குறைவை நான் அறியாமலே கரியின் எடையிலிருந்து கழித்துவிட்டேன். கரி ஒரு சிட்டிகைதான் என்பதால் அந்தக் குறைவு பெரிய பங்கு. குறைந்த எடையால் வகுத்தால் எண் ஏறத்தானே செய்யும். பழைய கண்ணாடி அமைப்பில் இரண்டு தடவையும் குழாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டே எடை போடுவோம், அதனால் இந்த வில்லங்கமே வராது. அந்தப் பழக்கத்தில் நிரப்புகிற வாயுவை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. செல்லப்பனின் கரி நான் சொன்ன மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர்கள் மேல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். வர்கீஸ் சார் இழுப்பறையைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “வா முத்தூ, சாயா குடிக்காம்.”

கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “ஆ மாஸ்க் இடுந்நவன் ஸ்வசிக்கணது நம்மளோட ரிப்போர்ட்டாணு.” அந்த மாஸ்க்கைப் போடுகிறவன் மூச்சு விடுவது நம் ரிப்போர்ட்டைத்தான். பெயிண்ட் பட்டறையில் முகம் தெரியாத ஒருவன், என் எண்ணை நம்பி, நிறைந்துபோன கரியின் வழியாக நெடியை இழுத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. மச்சினனை நினைத்தேன், என் வீட்டை நினைத்தேன், என் கையை நினைத்தேன். அவனை ஒரு தடவைகூட நினைக்கவில்லையே என்று கூனிக் குறுகிப் போனேன்.

பார்வதியின் ஒப்பந்தத்தைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், “அது ஞான் போன ஆழ்ச்ச அயச்சல்லோ” என்றார். போன வாரமே அனுப்பிவிட்டாராம், நல்லபடி எழுதி. நான் போய் அவளை அனுப்பிவிடச் சொன்னபோதே காகிதம் போய்விட்டிருந்தது. நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவே இல்லை. அவள் பிழைத்தாள் என்று நிம்மதி வந்தது, என் பேச்சுக்கு அங்கே இருந்த மதிப்பு இவ்வளவுதானா என்று வலிக்கவும் செய்தது. வலித்ததே என்று பிறகு அதற்கும் வெட்கப்பட்டேன்.

அன்றே பார்வதியிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். போனேன், போய்ச் சொன்னது இதுதான்: “நைட்ரஜன் தீந்துபோனதுதான் வெனையாப் போச்சு, கேட்டியா?” சிலிண்டர் மேல் பழியைப் போட்டேன். அவள் “ஆமாம் சார்” என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். குழாயை வாங்குவாள், கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவளுடைய வீட்டுத் தமிழை என்னிடம் பேசிச் சிரித்தது மட்டும் அதோடு நின்றுவிட்டது.

செல்லப்பனிடம் நேரில் போய்ச் சொன்னேன். சூளைக்கு முன்னால் மூட்டை மூட்டையாகக் கரி அடுக்கியிருந்தது. அவனுக்கு ஹீலியம் எல்லாம் புரியவில்லை.

“அப்பம் நம்ம கரி மோசமா அத்தான்?”

கரி நல்ல கரிதான், நான் சொன்ன எண்தான் மோசம் என்றேன். அவன் சரிந்திருந்த ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்தான். பிறகு தன் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் என்று என்னை வீட்டுக்குள் அழைத்தான். பழைய வடிகட்டிக்காரர்களைக் கெஞ்சிப் பிடித்து அவன் மறுபடி எழுந்துவிட்டான். இன்றுவரை என்னை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

கொஞ்ச நாளில் ஆய்வகச் சுவரில் ஒரு தாள் வந்தது. பார்வதியின் கையெழுத்து. மேலே ‘முத்து செக்’. கீழே செய்முறை: ஒவ்வொரு அளவோடும் ஒரு வெறுங்குழாயையும் வைக்க வேண்டும், நிரப்புகிற வாயுவோடு முன்னும் பின்னும் எடை போட வேண்டும், வித்தியாசம் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அருமையான முறை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். வர்கீஸ் சார் வித்துராவில் வீடு கட்டிக்கொண்டு போய், அங்கேயே காலமானார். நானும் வெளியே வந்தேன். கதை தெரிந்தவர்கள் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போது பிரிவுக்குத் தலைவி பார்வதி. போன மாதம் புதிய இயந்திரத்தை இயக்கிவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் மரியாதையாக என்னைத் தராசு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, முதல் முத்து செக்கை நானே செய்ய வேண்டும் என்றார்கள். வெறுங்குழாயை வைத்தேன், எடை சரியாக வந்தது. கைதட்டினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

பேசினேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, உங்கள் மேடத்துக்கு வேலை தெரியாது என்று எல்லோருக்கும் காட்டி அவர்களை வெளியே அனுப்பப் பார்த்தேன், தப்பு என் கையில் இருந்தது என்றேன். தமிழிலேயே சொன்னேன். அன்று திட்டியதும் தமிழில்தான், எல்லோர் முன்னாலும்தான், அதனால் இதுவும் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தச் சாருக்கு என்ன அடக்கம், என்ன தமாஷ் என்று முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். பார்வதி மட்டும் தட்டவில்லை. கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் வரை கூட வந்தாள். ஆட்டோவுக்கு நிற்கும்போது, இவ்வளவு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அந்தப் பெயரை ஏன் வைத்தாய் என்று.

“கோபத்துலதான் சார். ஒவ்வொரு தடவை அதைச் செய்யறச்சயும் யாரானும் உங்க பேரைச் சொல்லணும், நீங்க அதைக் கேக்கணும்னு வெச்சேன்.” தெருவில் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். “நீங்க திட்டின அன்னிக்கு சாயங்காலம் நேரா சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அப்பாவோட பழைய முதலாளியைப் பாத்தேன். இனிமே நான் வந்து கணக்கு எழுதறேன், எடுத்துக்கறேளான்னு கேட்டேன். வான்னார். மறுநாள் கார்த்தால தராசுக்கு வரச்சே, அதாக்கும் என் மனசுல இருந்தது. இதுதான் கடைசி நாள்னு.”

பெயரை எடுத்துவிடச் சொல் என்றேன்.

“பேர் இருக்கட்டும் சார். இந்தப் பிள்ளைகள்ளாம் அதை நல்ல பேர்னு நெனச்சிண்டிருக்கா. மலருக்கு நீங்க எழுதப் போறேள் இல்லையா? எழுதறச்சே நடந்ததை எழுதிக் குடுங்கோ. சொன்னா சிரிக்கறா. எழுதினா படிப்பா.”

ஆட்டோ வந்தது. ஏறினேன். மன்னித்துக்கொள் என்ற சொல் அப்போதும் வாயில் வரவில்லை. இறங்கி வீட்டுக்குள் போன பிறகுதான் வந்தது, அங்கே அதைக் கேட்க அவள் இல்லை.

மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இதில் எதையும் வெட்டாதீர்கள், அடக்கம் என்று மேலே குறிப்பு எதுவும் போடாதீர்கள். அந்தச் சுவரில் இருக்கிற தாளுக்குக் கீழே இதையும் ஒரு உறை போட்டு மாட்டிவையுங்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன், பார்வதி. என்னை மன்னித்துக்கொள். அன்று நீ வெயிட் சரியாகத்தான் எடுத்திருந்தாய்.